வெள்ளைச் சட்டையில் ஏறிய பசை

பெருமாநல்லூர்

அன்புள்ள அப்பாவுக்கு, தெபோராளின் ஸ்தோத்திரம். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? நான் நலம்.

எங்கள் துணி பிரிண்டிங் கம்பெனி மேனேஜர் தங்கதுரை நினைவிருக்கிறதா? அம்மாவுக்கு முடியவில்லை என்று லீவு கேட்டபோது, "சாம்பிள் அனுப்பிட்டுப் போய்க்கலாங் கண்ணு" என்றவர். அம்மாவைக் குழியில் இறக்கிய பிறகுதானே வந்து சேர்ந்தேன்? அவரை மன்னித்துவிடு என்றீர்கள். நான் மன்னிக்கவில்லை.

நேற்று லேப்பில் சிவப்புச் சாயத்துக்குப் புதுப் பசை கலக்கினேன். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நீள நீளச் சங்கிலிகள் ஒன்றையொன்று தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாகக் கிளறினால் கையை விட்டு விட்டுப் பிடித்து நன்றாக ஓடும். வேகமாகச் சுழற்றினால் விடுவதற்கு நேரமில்லாமல் ரப்பர்போல இழுபட்டு, கலக்கும் மிஷினின் கம்பியில் ஏறும். தங்கதுரையிடம் இதைச் சொல்லவில்லை. "ஏங் கண்ணு, ஆமை மாதிரி சுத்துது?" என்று அவரே ஸ்பீடை முழுசாகத் திருகினார். நான் ஓர் எட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ஏறிய பசை அவருடைய வெள்ளைச் சட்டையில் வந்து அப்பியது.

"இது போகுங்களா கண்ணு?" என்று பதறினார். உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும். சூடு பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அதை நம்பித்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

"காய வெச்சு நல்லா இஸ்திரி போடுங்க சார், உதிர்ந்துடும்" என்றேன்.

இன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டு வேளை சாப்பாடு திருப்தியாக இறங்கியது.

கூரியர்காரர் அவசரப்படுத்துகிறார். கருப்பட்டி அனுப்புங்கள். அம்மாவின் சேலை ஏதாவது துவைக்காமல் கிடந்தால், துவைக்காமலே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
தெபோராள்