ஒரே கியர்பாக்ஸ், இரண்டு எல்லை

ஜூலை 7, திங்கள்
விடாத தூறல். ஔந்தில் என் அறையிலிருந்து ஆகுர்டி லாரி ஆலைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சாக்ஸ் ஈரம். மேசையில் பன்னிரண்டு டிப்பர் லாரிகளுக்கான படிவம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா என்று நான் எழுதித் தர வேண்டும்.

எஞ்சின் சக்தி எல்லைக்குள். எடைதான் சிக்கல். அட்டவணையில் ஒரே கியர்பாக்ஸுக்கு இரண்டு எல்லை: நெடுஞ்சாலை என்றால் அதிகம், கல்குவாரி என்றால் குறைவு. இவை குவாரிக்குப் போகிறவை. குவாரி எல்லையை விட ஆறு டன் கூடுதல். அடுத்த அளவு கியர்பாக்ஸ் இந்த வண்டியில் அடங்காது.

மு. சார், என் மேலாளர், இந்த ஊர் வானவடியிலேயே பிறந்து, ஹிந்தி கலந்து பேசி வளர்ந்த தமிழர்: “அரே, ஹைவேன்னு போட்டுடு மா, கதம், வேலை முடிஞ்சுது. சப் லோக், எல்லாருமே அப்படித்தான் போடறாங்க.”

ஜூலை 8, செவ்வாய்
குவாரி. பன்னிரண்டையும் வாங்கப்போகும் குவாரி முதலாளிக்குச் சோதனைக்காகக் கொடுத்திருக்கும் வண்டியில் ஏறினேன். ஓட்டுநர் தத்தா காகா, எல்லாருக்கும் சித்தப்பா முறை, ஐம்பதைத் தாண்டியவர். கூடுதல் கல் ஏற்றப் பக்கப் பலகைகளை ஒரு முழம் உயர்த்தியிருக்கிறார்கள். ஏற்றத்தில் நடை வேகம்தான். கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு ஏறிக்கொண்டே போனது. எச்சரிக்கை விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“கண்ணைக் குத்துது மேடம்” என்றார் ஹிந்தியில்.

பிறகு இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். இருபது வருடம் கிளட்ச் மிதித்த கால். “இந்த வண்டி வந்தப்புறம்தான் வலியில்லாம மாடிப்படி ஏறறேன்.”

இதை எழுத படிவத்தில் கட்டம் இல்லை.

ஜூலை 9, புதன்
மழை. ஹைவே என்று போட்டால்: சூட்டில் கியர்பாக்ஸின் உள்ளே தட்டுகள் கருகும். என்றாவது ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு, இழுவை நின்றுபோகும்.
குவாரி என்று போட்டால்: அனுமதி கிடைக்காது, பன்னிரண்டும் கிளட்ச் வண்டிகள்.
பாரத்தைக் குறைக்கச் சொன்னால்: முதலாளி சிரிப்பார்.

மூன்றிலும் ஸ்டியரிங் பிடித்திருப்பது தத்தா காகா.

வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் முடிய இன்னும் ஏழு மாதம். தலையணை அருகே மூன்று புத்தகங்கள், மூன்றும் பாதியில். கோவையிலிருந்து அம்மா: “குரலே செரியில்லையே, சாப்ட்டியா கண்ணு?” சாப்பிட்டேன் என்றேன். பிஸ்கட்.

ஜூலை 10, வியாழன்
‘குவாரி’ என்று போட்டு அனுப்பினேன். அடுத்த நொடி கணினித் திரையில்: அனுமதி இல்லை.

மு. சார் கத்தவில்லை. “டீக் ஹை மா. இனிமே ஃபாரம் எல்லாம் நானே பாத்துக்கறேன். நீ பழைய ரிப்போர்ட்டெல்லாம் அடுக்கு.”

பழைய அறிக்கைகள் இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது.

ஜூலை 14, திங்கள்
அதிசயமாக வெயில். சோதனை வண்டியைத் திருப்பிக் கொடுக்க தத்தா காகாவே ஓட்டி வந்தார். இனி அவருக்குப் பழைய வண்டிதான்.

“நான் சரியா ஓட்டலையா மேடம்? வண்டி போனதுக்கு முதலாளி என்னைத்தான் திட்டறார்.”

“உங்க மேல தப்பில்ல காகா. நான்தான் வேண்டாம்னு எழுதினேன்.”

கேபினில் ஏறித் தன் துண்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.