கயலுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன கதை

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அஞ்சலை அக்காவுக்கு,

உன் மகள் கயலுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து ஊர் இல்லை, கிரேக்க நாட்டில் ஒரு தீவு. கோபப்படாமல் கேள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டதை நான் மறக்கவில்லை. "கடலுக்குப் போற வூட்ல மட்டும் எம் பொண்ணக் குடுத்துடாதடா." அப்போது கயலுக்கு ஒன்பது வயது. காற்று சரியில்லை என்று மாமல்லபுரமே கரையில் நின்ற நாளில், உன் வீட்டுக்காரர் மட்டும் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பாமலே போனார். அதை நீ கடைசிவரை மன்னிக்கவில்லை. நான் உன் கையைப் பிடித்துச் சரி என்றேன்.

நானும் வலையை விட்டு ஹோட்டல் வேலைக்குப் போனேன். கயல் படித்தாள். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கம்பெனி அவளை ஏதென்ஸுக்கு அனுப்பியது. ஒரு நாள் போன்.

"மாமா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு. பேரு நிகோஸ். படகு வெச்சிருக்காரு."

"இன்னா படகு?"

"பாய்மரப் படகு. தீவு தீவா ஆளுங்கள ஏத்திகினு போவாரு."

முடியாது என்று நேரில் சொல்லத்தான் விமானம் ஏறினேன்.

நிகோஸின் படகிலேயே அவன் தீவுக்குக் கிளம்பினோம். அங்கே அவன் அம்மா ஆட்டுக்கறி சமைத்து, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள். பாதி வழியில் தூரத்துக் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. காற்று வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை, அக்கா. இவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பாயைப் பாதியாகச் சுருக்கினான். அம்மாவுக்குப் போன் போட்டான். படகைத் திருப்பினான்.

"இன்னாமா சொல்றான்?" என்று கயலைக் கேட்டேன்.

"சாப்பாட்ட நாளைக்கு சாப்டலாமாம். அவங்கம்மா கத்துறாங்க, இவரு சிரிச்சிகினு கீறாரு."

உன் வீட்டுக்காரரும் அன்றைக்கு இப்படித் திரும்பியிருந்தால்?

மறுநாள் கடல் அமைதியாக இருந்தது. தீவில் இறங்கினோம். கொடியில் துணி காயப்போடுவது போலப் எட்டுக்கால் பேய்க்கணவாயைக் காயப்போட்டிருந்தார்கள். நிகோஸின் அம்மா என் தட்டில் கறியை அள்ளி வைத்துக்கொண்டே ஏதோ கேட்டாள். கயல் தயங்கினாள்.

"முடியாதுன்னு சொல்ல வந்தீங்களான்னு கேக்குறாங்க மாமா."

"அதுக்குத்தான் வந்தேன்னு சொல்லு." கயலின் முகம் வாடியது. "நேத்து உம் புள்ள படகத் திருப்புனதப் பாத்தேன், எங்க பொண்ணக் குடுக்குறேன்னும் சொல்லு."

எங்கே சொன்னாள்? அழுதுகொண்டே நின்றாள். ஒரு வார்த்தையும் புரியாத நிகோஸ் பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். நீ பயந்தது கடலுக்கா, இல்லை, யார் சொல்லையும் கேட்காத ஆளுக்கா? நீ இருந்தால் என்னைத் திட்டுவாயா, நிகோஸுக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவாயா?

தை மாதம் நம் தெருவிலேயே கல்யாணம். சம்பந்தியம்மா இப்போதே புடவை கட்டிப் பழகுகிறாளாம்.

ஒன்று மட்டும் உறுதி, அக்கா. கயலின் தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். நானே போய் அழைத்து வருவேன். பிள்ளை பிறந்ததும், முதலில் உன் பெயரைத்தான் அதன் காதில் சொல்வேன்.

கயலின் தாய்மாமன்,
உன் தம்பி முருகேசன்