எஸ்டேட் ஏரியில் முதல் மீன்

9 செப்டம்பர் 2024, திங்கள்

படகு வந்துவிட்டது. மேட்டூரில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த ஃபைபர் படகு. இரண்டு பேர் உட்காரலாம். பிக்-அப் வண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எட்டி எட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

மலை ஏறி ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்க நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடை பிரவீன், "ஏனுங்க ரைட்டரம்மா, மலை மேல எங்கீங்க கப்பல் உடப் போறீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வா. என் ஏரி மீனை வெக்கிறேன். முடிஞ்சா எடு பாக்கலாம்" என்றேன்.

படகு இன்னும் தண்ணீரையே தொடவில்லை. இந்த வாய்க்கு எப்போதுதான் புத்தி வரும்?

10 செப்டம்பர்

இருபத்தாறு வருடம் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்தேன். ஆட்களுக்குப் பேர் போடுவது, காப்பிப் பழத்தை எடை போடுவது, வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவது. எஸ்டேட் கைமாறி ஆபீசை மூடியபின் எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தேன். ஊரில் எல்லோரும் இன்னும் ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் எங்கோ இடிக்கிறது.

பழைய முதலாளி காலத்தில் எஸ்டேட் ஏரியில் கட்லாவும் ஜிலேபி மீனும் குஞ்சாக விட்டார்கள். பிடித்துக்கொள்ளுங்கள் என்று புது முதலாளி சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்குத்தான் நம்பிக்கையே இல்லை. "உனக்கு நீந்தவே தெரியாதே, தேவகுமாரி" என்றார். "மீனுக்குத் தெரியுமில்ல, போதும்" என்றேன்.

துணைக்கு ராசம்மாளைக் கூப்பிட்டிருக்கிறேன். மாரமங்கலத்துக்காரி, எங்கள் எஸ்டேட்டில் காப்பி பறித்தவள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். தண்ணீர் பயம் கிடையாது. கிடைப்பதில் பாதிப் பாதி.

12 செப்டம்பர்

படகு நேராகப் போக மறுக்கிறது. வலது துடுப்பு நான், இடது துடுப்பு அவள். அவள் கையில் பலம் அதிகம், அதனால் அரைமணி நேரம் ஒரே இடத்தில் வட்டமடித்தோம். மாடு மேய்க்க வந்தவர் வசதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "மெதுவா போடு, ராசம்மா" என்று அதட்டினேன். "நீங்க கொஞ்சம் வெரசாப் போடுங்க, ரைட்டரம்மா" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்ளவில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

எங்கள் சபைப் போதகர் ஐயர் இன்று ஆராதனையில் படகுக்காக ஜெபித்தார். பிறகு அறிவிப்பு: அக்டோபர் இருபது அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதலில் கிடைத்ததைக் கொண்டுவந்து படைக்கவேண்டும், ஆராதனைக்குப் பின் ஏலம். வழக்கமாகக் காப்பி, மிளகு, வாழைத்தார், சேவல்தான் வரும். "இந்த வருஷம் நம்ம தேவகுமாரி அம்மாவோட ஏரி மீனும் வரும்" என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர்கூடச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

21 செப்டம்பர்

வலை காலி.

27 செப்டம்பர்

ஒரு நண்டு. ராசம்மாள் எடுத்துத் திருப்பி விட்டாள்.

5 அக்டோபர்

காலி. நாள் தவறாமல் காலி. வலையை ஏரியின் நடுவில்தான் கட்டுகிறேன். ஆழத்தில்தானே பெரிய மீன் இருக்கும்? ராசம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். மேட்டூர்க்காரரிடம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று வாயை அடைத்துவிட்டேன். அவரிடம் நான் படகின் விலையைத் தவிர எதையும் கேட்கவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

கோயில் வாசலில் வரிசையாக விசாரிப்பு. "பெருசா மாட்டுதுங்களா?"

மாட்டுது, மாட்டுது என்றேன்.

19 அக்டோபர், சனி

செய்துவிட்டேன்.

முதல் பஸ்ஸில் சேலம் போனேன். இவரிடம் பல் டாக்டர் என்று சொன்னேன். மார்க்கெட்டில் கட்லா கேட்டேன். "கட்லா தீந்துபோச்சுங்க, இதை எடுத்துட்டுப் போங்க, பளபளன்னு இருக்குது" என்று கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மலைக்குத் திரும்பும் பஸ் பத்து நிமிடத்தில். மீன் மீன்தானே என்று வாங்கிக்கொண்டேன். வெட்டவேண்டாம், முழுசாகக் கொடுங்கள் என்றபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கா தெரியப்போகிறது? எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

ஐஸைக் கழுவிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். இவர் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா!" என்றார். "எப்பப் புடிச்சீங்க ரெண்டு பேரும்?" "காத்தால." அவ்வளவுதான் கேட்டார். முதல் பஸ்ஸில் போனவள் காலையில் எப்படிப் பிடித்தாய் என்று ஒரு வார்த்தை சந்தேகம் கேட்டிருக்கக் கூடாதா?

20 அக்டோபர், ஞாயிறு

வாழையிலை விரித்த தட்டில் மீனை வைத்து, தட்டை இவரே தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு முன்னால். நிமிர்ந்து. நான் பின்னால் அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஐயர் தட்டின்மேல் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலத்தில் பிரவீன் நிஜமாகவே வந்து நின்று கேட்டான். ஆனால் விடாமல் ஏற்றி ஏற்றிக் கேட்டது ஐயரின் மனைவி, ஐயரம்மா ஷெர்லின். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் சேர்த்து.

இதற்கு அந்தக் காலி வலையையே கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

21 அக்டோபர்

காலையில் ஏரிக்கரையில் ராசம்மாள் படகில் ஏறாமல் நின்றாள்.

"ஏனுங்க ரைட்டரம்மா, நாம எப்பங்க மீன் புடிச்சோம்?"

நான் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் பிரித்தேன்.

"பஸ்ஸுல அத்தனை பேரும் என்னையக் கேக்கறாங்க. ரைட்டரம்மாளும் நீயும் நொம்பப் பெரிய மீனாப் புடிச்சீங்களாமேன்னு. நான் என்னன்னுங்க சொல்றது?"

"ஆமான்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். சொல்லியே விட்டேன்.

துடுப்பைக் கரையில் சாத்தி வைத்தாள். "அது நம்மால ஆகாதுங்க" என்றாள். போய்விட்டாள்.

23 அக்டோபர்

ஷெர்லின் ஒரு தூக்குப் பாத்திரத்தில் குழம்பு கொண்டுவந்தாள். "உங்க மீனுதான்க்கா. வெளமீன் சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு! எங்கம்மாட்ட ஃபோன்ல சொன்னேன், மலை மேல ஏரியில வெளமீன் கெடச்சிருக்குன்னு. நம்ப மாட்டேங்காங்க, சிரிக்காங்க" என்றாள்.

விளமீன். கடல் மீன். நான் கடல் மீனைக் கொண்டுபோய் ஏரி மீன் என்று ஆண்டவர் முன்னால் வைத்திருக்கிறேன்!

அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டலா, வெள்ளை மனசா — கண்டுபிடிக்க முடியவில்லை. எடை போட வந்த ஆட்களின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பேன் என்று பெருமையடித்தவள் நான். இவர் குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அது ஒன்றுதான் இந்த வாரத்தில் நான் சொன்ன உண்மை.

27 அக்டோபர், ஞாயிறு

திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகவில்லை. தலைவலி என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசி பெஞ்சில் நான் மட்டும். இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

30 அக்டோபர்

தனியாகப் படகை இறக்கிப் பார்த்தேன். ஒரு ஆளால் துடுப்புப் போட்டு வலையும் இழுக்க முடியாது. ஏறும்போதே வழுக்கி முழங்கால் வரை சேறு. படகைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

எவ்வளவு ஆசையாக வாங்கினேன்.

2 நவம்பர், சனி

மாரமங்கலம் போனேன். ராசம்மாள் வாசலில் அவரைக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன், சபை முன்னால் பேர் கெட்டுவிடும் என்று பயந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று ஏதேதோ சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்ல என்னங்க இருக்குது?" என்றாள். "நாந்தான் படகுலயே இருந்தனே. மீனு இல்லைங்கறது எனக்குத் தெரியாதுங்களா?"

பிறகு அவரையைக் கிளறிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக: "ஒருக்கா எடை போடறப்ப எங்கூடையைக் கவுத்தீங்க, நெனப்பிருக்குதுங்களா? அடியில கல்லு கெடந்துது. நூறு பேரு நின்னாங்க. ஆரு போட்டதுன்னு கேட்டீங்க. நாந்தானுங்க போட்டேன்னு அங்கேயே சொன்னேன். எங்கயோ வந்து ஒளிஞ்சு சொல்லலீங்களே."

நினைவிருக்கிறது. ரொம்ப நன்றாக நினைவிருக்கிறது. எடை கூடவேண்டும் என்று காப்பிப் பழத்தின் அடியில் கல் வைத்திருந்தாள். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினேன். அந்த வாரம் அவர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கதையை எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்! கல் உருண்டதைச் சொல்வேன். அவள் ஒத்துக்கொண்டதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சீ.

டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

3 நவம்பர், ஞாயிறு

சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்லி ஒருவர், காய்ச்சல் குணமானதற்கு ஒருவர், மூன்றாவதாக நான். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "அந்த மீனு ஏரி மீனு இல்லீங்க. சேலம் மார்க்கெட்டுல வாங்குனேன். எங்க ஏரியில எனக்கு ஒரு மீனுகூட மாட்டல. ராசம்மாளுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஐயர், "உக்காருங்கம்மா" என்றார். இவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு எதுவும் அப்போது பாடவில்லை.

வாசலில் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது ஷெர்லின் மட்டும் பக்கத்தில் வந்தாள். "தட்டுல பாத்தப்பவே தெரியும்க்கா. எங்கூரு மீனை எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் பூமிக்குள் போய்விடலாம் போல நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடை எங்கக்கா இருக்கு?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இவர் சொன்னார்: "தட்டை என்னையத் தூக்க உட்டியே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல." எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதுதான் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

6 நவம்பர்

ஒண்டிக்கடையில் எனக்குப் புதுப்பெயர், கடல்காரம்மா. பிரவீன்தான் வைத்திருப்பான். காதில் விழாத மாதிரி பால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

11 நவம்பர்

இவர் நேற்று இரவுதான் சரியாகப் பேசினார், கேஸ் புக் பண்ணியாச்சா என்று. எனக்கு அதுவே போதும்.

14 நவம்பர்

ராசம்மாள் வந்திருந்தாள்! நான் போகும் முன்பே படகை நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களாமே."

"சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேனுங்க." அவ்வளவுதான். துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

வலையை எங்கே கட்டலாம் என்று நான்தான் கேட்டேன். கிழக்கு ஓரத்தில் கோரைப்புல் அடர்ந்த இடத்தைக் காட்டினாள். அங்கேதான் ஜிலேபி வந்து மேயுமாம். முதல் நாளிலிருந்தே தெரியுமாம். "ஏன் சொல்லல?" என்றேன். "எங்கீங்க உட்டீங்க?" என்றாள்.

15 நவம்பர்

மூன்று ஜிலேபி. உள்ளங்கை அளவு. பாதிப் பாதி முடியாது என்பதால் அவளுக்கு இரண்டு. நான் அழுததை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லமாட்டாள்.

7 டிசம்பர், சனி

இப்போதெல்லாம் கரையிலேயே விற்றுவிடுகிறோம். இன்று ஒன்பது ஜிலேபியும் ஒரு கட்லாவும். கட்லா நன்றாகவே பெரிது. வாழவந்தி கிராமத்துப் புஷ்பலதா பையோடு வந்தாள். கட்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரம்மா, இது ஏரி மீனுங்களா, கடல்ல இருந்து வந்துதுங்களா?" என்றாள். வாங்க நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

ஏரி மீன் என்று நான் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

வலையிலிருந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்த ராசம்மாள் தலையைத் தூக்கவே இல்லை. "காத்தால ஆறு மணிக்கு இந்தக் கையில எடுத்தேனுங்க. அந்தம்மா படகைப் புடிச்சிட்டு இருந்தாங்க. எங்கண்ணு முன்னால மாட்டுன மீனு" என்றாள்.

சிரிப்பு நின்றது. "அப்பச் சரி, போடுங்க" என்று புஷ்பலதா பையை விரித்தாள். மற்றவர்களும் ஆளுக்கு இரண்டு மூன்று என்று கேட்டார்கள். பத்து நிமிடத்தில் கூடை காலி.

என்னை நம்பி யாரும் வாங்கவில்லை. ராசம்மாள் சொன்னதை நம்பி வாங்கினார்கள். குனிந்து கூடையைக் கழுவினேன். "திங்கக்கிழமை ஆறுக்கு வந்துருவீங்களா?" என்று கேட்டேன். "வருவனுங்க" என்றாள்.