பகலில் கூடிய எண்ணிக்கை

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றரை. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். தெருவிளக்கு அவள் முகத்தில் அடிக்கிறதென்று ஜன்னல் இடுக்கில் கறுப்பு டேப் ஒட்டினேன். அந்தப் பசை வாசனை விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூச்சு சீராக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

எம்.எஸ்சி. கடைசி வருஷம், அடையாறில் நம் கல்லூரி ஆய்வகத்தில் இருவரும் ம்யூவான் எண்ணினோம். வானத்து உயரத்தில் பிறந்து, கூரையையும் நம்மையும் துளைத்துக்கொண்டு போகிற துகள். எலக்ட்ரான் மாதிரியேதான், எடை மட்டும் இருநூறு மடங்குக்கு மேல். "இவன் எதுக்குன்னே தெரியலடி. இவன் இல்லாட்டி ஒரு அணுவும் அழாது. ஆனா வந்துகினே கீறான்" என்பாய்.

அதன் காந்தத் தன்மையில், கணக்கு சொல்வதற்கும் அளந்து பார்ப்பதற்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் உண்டா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் போகத்தான் உனக்கு ஆசை. "வித்தியாசம் வந்தா, நமக்குத் தெரியாத யாரோ உள்ள கீறாங்கன்னு அர்த்தம்."

நம் பெட்டிக்குள் துகள் பட்டால் ஒளி மினுக்கும். கருவி அதை எண்ணும். வெளி வெளிச்சம் புகாதபடி டேப் சுற்றியிருந்தோம். விளக்கணைத்த இரவு முறை எனக்கு, பகல் உனக்கு. ஒரு காலை நான் கிளம்பும்போது செருப்பு வார் அறுந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சாண் டேப்பை உரித்து, வாரில் சுற்றிக்கொண்டு மந்தைவெளி பஸ்ஸைப் பிடித்தேன். அன்றிலிருந்து உன் எண்கள் எகிறின. என்னுடையவை சரியாகவே வந்தன.

ஆறாம் நாள் சார் உன் நோட்டை மேஜையில் எறிந்தார். "பகல்ல மட்டும் ஸ்பெஷலா வருதாம்மா? உக்காந்த எடத்துலயே எழுதிட்டியா?"

நீ என்னைப் பார்த்தாய். "நீயாவது சொல்லேன்டி, நான் ஒழுங்காத்தானே எடுத்தேன்?"

நான் டேப் உரித்த இடத்தில் பகல் வெளிச்சம் புகுந்திருக்கிறது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. இரவில் யாருக்கும் தெரியாமல் புது டேப் ஒட்டினேன். நீ ஆசைப்பட்ட ஆராய்ச்சிக்கு சாரின் பரிந்துரைக் கடிதம் எனக்குக் கிடைத்தது. நீ கே.கே. நகரில் டியூஷன் எடுக்கப் போனாய். போன மாதம், நான்கே நாள் காய்ச்சலில், போயே போய்விட்டாய்.

சார் குப்பையில் போடச் சொன்ன நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஓர் எண்கூடத் தப்பில்லை. கருவி காட்டியதை அப்படியே எழுதியிருக்கிறாய். என் மகள் வளர்ந்து, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டால் என்ன சொல்வேன்?

உன் மெயிலை இப்போது உன் அக்கா பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்கா, தப்பு தன்னுடையது என்று நம்பிக்கொண்டேதான் போனாளா, இல்லை, டேப்பை உரித்தது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.