சுற்ற மறுத்த க்ராங்க்

ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.
மார்கழி 8

அன்புள்ள தேன்மொழி அக்காவுக்கு,

தங்கை கவிதா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் முரளி மாமாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் எழுத்து நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன். சந்தோஷமான சேதிதான்; பயப்படாமல் படி.

அப்பா நம் பழைய ஜீப்பின் இன்ஜினை இறக்கி வாசலில் பிரித்துப் போட்டிருக்கிறார். நீ மாமாவைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போனதிலிருந்து உன் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. கேட்டால், மிளகு மூட்டை ஏற்றத்தான் வண்டி என்கிறார். ஆனால் பின் சீட்டில் புதிதாக இலவம் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார். மிளகு மூட்டைக்கு எதற்கு மெத்தை? அம்மாவும் நானும் கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வரும் உன்னைப் பஸ்ஸில் அந்த எழுபது வளைவு ஏற்ற முடியாது என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

க்ராங்க் ஷாப்ட்டை லேத்தில் கொடுத்துச் சீர்செய்து வாங்கி வந்தோம். இன்ஜினுக்குள் கிடந்து சுற்றுகிற கனமான தண்டு அது. அதைப் பேரிங்கில் உட்காரவைத்து, மேலே மூடிகளைப் போட்டு முறுக்கினோம். கையால் சுற்றினால் அசையவே இல்லை. பக்கத்து வீட்டுத் தனபால் அண்ணன் வேலியோரம் நின்று, "ஏனுங்க சித்தப்பா, இன்ஜினுக்கு வாதம் புடிச்சிருச்சுங்களா? மூலிகை எதாச்சும் கட்டிப் பாருங்க" என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தண்டு வளைந்துவிட்டது, இனி காயலான் கடைதான் என்று சொல்லி, கடைசியாக ஒரு நீளக் குழாயை மாட்டி நெம்பப் போனார்.

நெம்பினால் பேரிங் போய்விடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்பேனரை எடுத்து மூடிகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டேன். "எதுக்குக் கண்ணு கழட்டற, அதான் முடிஞ்சுதில்ல" என்று சத்தம் போட்டார். எல்லாம் தளர்ந்ததும் தண்டு தடையில்லாமல் சுற்றியது. அப்படியென்றால் வளையவில்லை. அப்பா குழாயைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு மூடியாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தோம். நடு மூடியை முறுக்கியபோது பிடித்துக்கொண்டது.

அந்த மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங் தகட்டைப் புரட்டினால், அதன் முதுகில் பெரிய குங்குமப் பொட்டு! எண்ணெயில் குழைத்து வைத்தது, பொருக்காகியிருந்தது. தலைமுடி கனம் கூட இடைவெளி இல்லாத இடத்தில் அது போதாதா?

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "எட்டுக்கை அம்மன் குங்குமம். வெளிய வெச்சா ஆயில்ல அழிஞ்சிரும்னு உள்ள வெச்சேன்" என்றாள். "இன்ஜினுக்குள்ளயா பொட்டு வெப்ப?" என்று அப்பா கத்தினார். அம்மாவும் விடவில்லை. "எம் புள்ள வயித்துப் புள்ளையோட மலையேறி வரோணும். உங்களாட்டம் மிளகு மூட்டைன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

அப்புறம் அப்பா சிரித்தார் பார் அக்கா, தனபால் அண்ணன் என்னமோ ஏதோ என்று வேலி தாண்டி ஓடி வந்துவிட்டார். அப்பா அந்தக் குங்குமத்தைச் சுரண்டித் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, தகட்டை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். இப்போது இரண்டு விரலால் தள்ளினாலே க்ராங்க் சுற்றுகிறது. அம்மாவும் தனபால் அண்ணனும் ஆசைக்குச் சுற்றிப் பார்த்தார்கள். அப்பாதான் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்போதுதான், "தேனுக்கு எழுதிப் போடு கண்ணு. தை பொறந்ததும் அடிவாரத்துக்கு வண்டி வரும்னு" என்றார். உன் பேரைச் சொன்னார், அக்கா.

இன்னும் பிஸ்டன், ஹெட் எல்லாம் மாட்ட வேண்டும். தைக்குள் முடிந்துவிடும். நீ அடிவாரத்துக் காரவள்ளி வரை வந்துவிடு. மாமாவைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டி வா.

அடிவாரத்தில் உன்னைப் பார்த்ததும் அப்பா பேசமாட்டார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ சரிபார்ப்பதுபோல நிற்பார். அங்கே ஒரு கோளாறும் இருக்காது. நீ கோபித்துக்கொள்ளாமல் கிட்டே போய், ஒரே ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுவிடு.

நீ வரும் நாளுக்காக வாசல் பார்த்திருக்கும்
தங்கை,
கவிதா