புதரைச் சுற்றி அடித்த கோமானுக்கு

மங்கலம் பெருகுக. அலை ஓயாத நெய்தலம்பாடியின் அரசி, முத்துக்குடை நிழற்றும் கயல்நங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கூத்தன் பொதியன் எழுதியது: மேகம் தவழும் குவளைமலைக் கோமான், பகைவர் கனவிலும் குதிரையேறும் நன்னாகர் காண்க. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் யானைகள் நலமாக.

தாங்கள் விடுத்த ஓலைக்கட்டு வந்து சேர்ந்தது. சுமந்து வந்த தூதர் இன்னும் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவையில் வாசிக்கப்பட்டபோது முதலில் நிலவு வந்தது; சரி என்றிருந்தார்கள். பிறகு அன்னத்தின் நடை வந்தது, துணையின்றி வாடும் களிறு வந்தது, குவளைமலை அரண்மனையில் வெறுமையாய்க் கிடக்கும் ஓர் இருக்கையும் வந்தது. கடைசி ஏட்டில் ஆவன செய்க என்றிருந்தது. எதைச் செய்ய? ஐயோ, அதுதான் எங்கும் இல்லை!

களிற்றுக்குத் துணை கேட்கிறார் என்று கருவூலத் தலைவர் ஒரு பிடியானையைக் குளிப்பாட்டச் சொல்லிவிட்டார். இருக்கை என்றது நம் அரியணையைத்தான், இது போருக்கு அழைப்பு என்று சேனாபதியார் கோட்டைக் கதவை அடைத்துவிட்டார். உப்பு வண்டிகள் வெளியே நிற்கின்றன. வணிகர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அரசியார் மட்டும் அன்னம் வந்த ஏட்டை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறையும் வாசிக்கச் சொன்னார்.

அவையிலிருந்த ஆங்கில நாட்டுக் கண்ணாடி வணிகர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் நாட்டில் இதைப் புதரைச் சுற்றி அடிப்பது என்பார்களாம். வேட்டையில் பன்றிக்கு அஞ்சியவன் புதருக்குள் கோல் நீட்டாமல் சுற்றிலும் தட்டிக்கொண்டே இருப்பானாம். அதுபோலச் சொல்ல வந்ததைச் சொல்லத் துணியாமல் பேச்சை வளர்ப்பவரிடம், புதரைச் சுற்றி அடிக்காமல் விஷயத்துக்கு வா என்பது அங்கே வழக்காம். நாம் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்போமே, அதுவேதான் என்றார் அரசியார். வாளுக்கு அஞ்சாத கோமான் இந்தப் புதருக்கா அஞ்சுகிறார் என்றும் கேட்டார். கேட்கும்போது அவர் முகம் சிவந்திருந்ததை எழுத வேண்டாம் என்பது அடியேனுக்கு இட்ட ஆணை.

ஆகவே கட்டளை யாதெனில்: கோமான் புதருக்குள் இருப்பதை ஒரே ஏட்டில், தம் கையாலேயே எழுதி, வரும் முழுநிலவுக்குள் அனுப்புக. அதுவரை கதவு திறவாது. சேனாபதியார் யார் சொல்லியும் கேட்பதாயில்லை. அரசியாரின் மறுமொழி சம்மதம் என்பதே. ஆயினும் கேட்கப்படாத கேள்விக்கு மறுமொழி தரும் வழக்கம் நெய்தலம்பாடியில் இல்லாமையால், அதை இவ்வோலையில் எழுதவில்லை.

சங்கு முத்திரை இடப்பட்டது.