சக்கரையே போடறதில்லீங்க

ஜூன் 4

வெளியே சொன்னால் மானம் போகும். ஹாரிகா சாப்பிடப் போனதும், அவள் வளர்க்கும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, "நல்லா இருப்பீங்களா நீங்க" என்று திட்டினேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. பீளமேட்டில் இந்த ஆய்வகத்தில் பத்தொன்பது வருட சர்வீஸ்.

இருவருக்கும் ஒரே வேலை: ஸ்டெம் செல்லை ஈரல் செல்லாக வளர்ப்பது. குளுக்கோஸ் கொடுத்தால் அதுகள் என்னைப் போலச் சோம்பேறி. அரைகுறையாக எரித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். காலக்டோஸ் என்கிற இன்னொரு சக்கரைக்கு மாற்றினால் வேறு வழியில்லை, ஆக்சிஜனை இழுத்துப் பாடுபட்டே ஆகவேண்டும். இருவரும்தான் மாற்றினோம். இன்று மெஷினில் பார்த்தால் அவள் தட்டு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு இழுக்கிறது. வந்து ஆறு மாதம் ஆகவில்லை!

ஜூன் 5

யார் செல் நன்றாக மூச்சு விடுகிறதோ, அவர்தான் பெங்களூரு மாநாட்டில் பேசுவாராம். வெங்கடலட்சுமி மேடம் சொல்லிவிட்டார். நான் இதுவரை மேடை ஏறியது ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்க மட்டும்.

ஜூன் 9

அவள் வேறென்னவோ செய்கிறாள். நேராகக் கேட்டால் என் மரியாதை என்னாவது? டீ குடிக்கும்போது சும்மா கேட்கிற மாதிரி, "ஏனுங்க அம்மணி, சக்கரை எவ்வளவு போடறீங்க?" என்றேன்.

"நான் சக்கரையே போடறதில்லீங்க சார். பழகிப்போச்சு."

அடிப்பாவி. சக்கரையே இல்லாமலா?

ஜூன் 10

காலக்டோஸ் பாட்டிலைத் தொடவில்லை. செல் வளர ஊற்றுகிற மீடியத்தை, சக்கரையே இல்லாததாக எடுத்து எல்லாத் தட்டுக்கும் ஊத்திப்போட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 13

எல்லாம் செத்துப்போச்சு. ஒண்ணு பாக்கியில்லாம பேந்து மிதக்குது. ஹாரிகாவிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். விழித்தாள்.

"ஐயோ சார், நான் டீயைச் சொன்னேனுங்க."

சிரித்திருந்தாலாவது ஆறியிருக்கும். தன் செல்லில் பாதி தரட்டுமா என்று கேட்கிறாள். நல்லவளாகவும் இருக்கிறாளே — அது எதுக்கு?

ஜூன் 17

பெங்களூருக்கு அவள். கை தட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

ஜூன் 24

ஹாரிகா பெங்களூருக்குக் கிளம்புமுன், அங்கே காட்டவேண்டிய வரைபடங்களை மேடம் சரிபார்த்தார். இழுத்த ஆக்சிஜனைச் செல் எண்ணிக்கையால் வகுத்தீர்களா என்று கேட்டார். இருவருமே வகுக்கவில்லை. நாலாம் தேதித் தாளை எடுத்தோம். அவள் தட்டில் குழிக்கு நாற்பதாயிரம் செல், என்னுடையதில் பதினெட்டாயிரம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், நன்றாக மூச்சு விட்டது என்னுடையதுதான்.